அப்புறப்படுத்தப்பட்டன

அந்த அறிவித்தலை எழுதியவன் நான்தான். தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, கண்டியில் எங்கள் கோயில் மண்டபத்துப் பலகையில் ஒட்டினேன்: "பக்தர்களிடமிருந்து சேகரிக்கப்பட்ட இலத்திரனியல் கழிவுகள் யாவும் பொறுப்புடன் அப்புறப்படுத்தப்பட்டன."

அரசாங்க அலுவலகத்தில் கடிதமும் கோப்பும் எழுதும் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கடைசிச் சொல் எனக்குக் கைப்பழக்கம். உடைந்த கதிரை, கறள் பிடித்த தகரம், எலி கடித்த கோப்பு என்று எத்தனையோ பொருட்களை அந்த ஒரு சொல்லால் அனுப்பியிருக்கிறேன். எங்கே போயின என்று எந்த மேலதிகாரியும் கேட்டதில்லை.

ஓய்வுக்குப் பிறகு மண்டபக் குழுவின் செயலாளரானேன். பழைய மின்சாதனங்களைச் சேர்த்து அனுப்பும் யோசனையும் என்னுடையதுதான். நிறைய வாசித்திருந்தேன். பழைய டிவியின் கண்ணாடிக் குழலில் ஈயம் இருக்கிறது, உடைக்கக் கூடாது. பற்றரிகளைத் தனியே வைக்க வேண்டும். வயரை எரித்தால் வரும் புகை நஞ்சு. இவற்றை ஒரு தாளில் அச்சடித்து, வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்தவர்களின் கையில் நானே கொடுத்தேன். சனங்கள் நம்பிக் கொண்டுவந்தார்கள். முதுகு பெருத்த டிவிகள், கணினித் திரைகள், ரேடியோக்கள், கட்டுக் கட்டாக வயர். மண்டபத்தின் பின்னறை சீக்கிரமே நிரம்பிவிட்டது.

அனுமதி பெற்ற நிறுவனத்தின் லொறி கொழும்பிலிருந்து வரவேண்டும். வருமுன் அவர்கள் ஒரு பட்டியல் கேட்டார்கள். என்ன பொருள், எத்தனை, குழல் உடையாமல் இருக்கிறதா, பற்றரி பிரித்தாயிற்றா. வாழ்நாள் முழுக்கப் பட்டியல் போட்டவன் அந்தப் பட்டியலைப் போடவில்லை. பின்னறையில் தூசி, எனக்கு முதுகுவலி, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்தேன். மூன்று முறை தொலைபேசியில் நினைவூட்டினார்கள். பிறகு அவர்களும் விட்டுவிட்டார்கள். அதற்குள் மண்டபத்தில் ஒரு கல்யாணம் வந்தது. பெண் வீட்டார் சமையலுக்குப் பின்னறை வேண்டும் என்றார்கள்.

மடுல்கெல்லவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் சித்தப்பா மகள், என் தங்கச்சி, இருக்கிறாள். அவள் கணவர் மரக்கறி ஏற்றும் சின்ன லொறி ஒன்று வைத்திருக்கிறார். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"மச்சான், கொஞ்சம் பழைய சாமான் கெடக்கு. உள்ள செம்பு இருக்கு. எடுத்துக்கிட்டுப் போனா ஒங்களுக்குத்தான்."

"ஒடச்சு எடுக்கலாமா மச்சான்?"

"ஒங்க இஷ்டம்."

இந்த இரண்டு சொல்லையும் பிறகு எத்தனையோ முறை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். உடைக்கக் கூடாது என்று ஊருக்கே தாள் கொடுத்தவன், அவருக்கு ஒரு தாள் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவர் எடுத்துப் போயிருக்க மாட்டார். அதனால்தான் கொடுக்கவில்லை. மறதி என்று சொல்ல எனக்கு வழியில்லை.

லொறி இரண்டு நடை போனது. அறை காலியானது. மறுநாள் அறிவித்தலை ஒட்டினேன்.

சில மாதம் கழித்துத் தங்கச்சியின் பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. குண்டசாலையில் என் வீட்டிலிருந்து கிளம்பி, வத்தேகமவும் பன்விலவும் தாண்டி, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். அவள் பாலில்லாத பிளேன்டி ஊற்றிவந்து முன்னால் வைத்தாள். லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் குடங்களோடு சரிவில் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். மலைத்தண்ணீர் விழும் பீலி லயத்துக்கு மேலேயே இருக்கும்போது ஏன் கீழே போகிறார்கள் என்று கேட்டேன்.

"மேல் பீலி இப்ப வேலைக்காகாது அண்ணே," என்றாள். "நீங்க குடுத்த சாமானெல்லாம் அதுக்கு மேல தண்ணி ஓடுற கான் ஓரத்துல வச்சுத்தான் இவரு ஒடச்சாரு. வயரையும் அங்கதான் எரிச்சாரு. மழைக்கு எல்லாம் தண்ணியில எறங்கிருச்சு. கறுப்பா வந்துச்சு. பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக் கால்ல கண்ணாடி ஏறித் தையல் போட்டாங்க."

குடத்தோடு போன ஒருத்தி வாசலில் நின்று தங்கச்சியின் கணவரைப் பார்த்துக் கேட்டாள்: "என்ன டிவிக்காரரே, இன்னைக்குப் பீலியில என்ன படம் ஓடுது?" பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"இப்பத் தண்ணி தெளிஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

"பாக்கத் தெளிவாத்தான் இருக்கு. எறங்கி ஏற முடியாதவங்க அதத்தான் புடிக்கிறாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க நல்ல மனசோட குடுத்தீங்க அண்ணே. எங்களுக்குத்தான் ஒழுங்கா செய்யத் தெரியல."

உண்மையை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் பிளேன்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்தப் பீலித் தண்ணீர் என்று கேட்கவில்லை. குடிக்கவும் கை போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் உட்காருவேன், எழுந்து முற்றத்துக்குப் போவேன், குழாயைத் திறந்து தண்ணீர் விழுவதைப் பார்ப்பேன், மூடுவேன். பேப்பரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். அந்தச் சொல் மட்டும் விடவில்லை. அப்புறப்படுத்துவது என்றால் அந்தப் புறம் தள்ளுவது. கண்டியிலிருந்து பார்த்தால் மடுல்கெல்ல மலைக்கு அந்தப் புறம்தான். அந்தப் புறத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல நான் எழுதிய எந்தக் கடிதத்திலும் இடம் இருந்ததில்லை. அறிவித்தலில் அந்தச் சொல் சரியாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த 'பொறுப்புடன்' என்ற சொல்தான் பொய்.

அடுத்த குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி, திருத்திய அறிவித்தல் போட வேண்டும் என்றேன்.

"ஐயா, அந்தத் தாள யாரு வாசிச்சா?" என்றார் தலைவர். "அதுக்கு மேல தேர் நோட்டீஸ் ஒட்டியாச்சு."

"ஐயாவுக்குப் பென்சன் எடுத்தும் ஃபைல் மூட மனசு வரல," என்றார் பொருளாளர். எல்லோரும் சிரித்தார்கள். கிளறினால் கோயிலுக்குத்தான் கெட்ட பெயர் என்று பேச்சை முடித்தார்கள். மறுநாள் காலை தேர் நோட்டீஸுக்குப் பக்கத்தில் திருத்தத்தை நானே ஒட்டினேன். செயலாளர் பதவியிலிருந்து விலகும் கடிதத்தையும் கொடுத்தேன்.

கொழும்பு நிறுவனத்துக்குப் பட்டியல் எழுதினேன். எழுதி முடிக்க ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. உடைந்த கண்ணாடியை மூடியுள்ள பீப்பாய்களில் அடைத்துத் தந்தால் எடுப்பதாகச் சொன்னார்கள். பீப்பாய், தடித்த கையுறை, முகமூடி எல்லாம் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மச்சானும் நானும் கான் ஓரத்தில் குனிந்து குனிந்து பொறுக்கினோம். பெரிய துண்டுகள் கிடைத்தன. பொடி மண்ணோடு மண்ணாகியிருந்தது. எரிந்த இடத்து மண்ணையும் வெட்டி அடைத்தோம். மேல் பீலித் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை.

வேலை முடிந்து வாசலில் உட்கார்ந்தபோது தங்கச்சியிடம் சொன்னேன். லொறி ஏன் வரவில்லை, பட்டியலை ஏன் போடவில்லை, தாளில் என்ன அச்சடித்தேன், எல்லாம். அவள் குறுக்கிடவில்லை. நான் நிறுத்தும்போதெல்லாம் "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். சொல்ல ஒன்றும் மிஞ்சாத இடத்தில் வேறு கேள்வி கேட்டாள்.

"அப்ப, தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

"தெரிஞ்சுதான்."

உள்ளே மச்சான் கை கழுவும் சத்தம் நின்றது. அவள் என் கால்களைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னைக்கு டீயைக் குடிக்காம வச்சிட்டுப் போனீங்க. ஒங்களுக்குச் சீனி வருத்தம், நான்தான் சீனியக் கூடப் போட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அன்று அவள் எனக்கு டீ ஊற்றவில்லை. நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அடுத்த மழைக்கு இன்னும் கண்ணாடி எறங்கும்," என்றாள். "வந்து பொறுக்குங்க."

கீழ்ப் பீலிக்கு இறங்கிப் போனாள். அதன் பிறகு இரண்டு மழை பெய்துவிட்டது. இரண்டு முறையும் போனேன். இரண்டு முறையும் கண்ணாடி இருந்தது.