லதீசன் காணாத பனிவெளி

தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வேலைத்தலத்தில் நிலம் துடைத்துக்கொண்டு நின்றேன். முதலாளி கிறிஸ்ரியன், அங்கே திருத்த வேலை செய்யும் லதீசனின் மேசைக்கு வந்து சுட்டுவிரலை நீட்டினார். விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை. நொர்வேயின் வடக்கே ஃபின்மார்க்கில் பனியில் வழி தவறியவர்களைத் தேடப் போகும் மீட்புக் குழுவின் பனி ஸ்கூட்டர்களில் இருந்து அதிர்வு தாங்கும் நான்கு ஷொக்குகள் எண்ணெய் கசிந்து திரும்பி வந்திருந்தன. திறந்து பார்த்தால் நான்குக்குள்ளும் இந்தப் பசை.

"இது என்ன?" என்று கேட்டார் கிறிஸ்ரியன்.

லதீசன் அதைத் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவே உரசிப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. "என்னுடைய பிழை. மேசையை நான் வடிவாகக் கவனிக்கவில்லை" என்று நொர்வேஜிய மொழியில் சொன்னார்.

அது என்னவென்று அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கிவிட்டது. அது திருநீறு. பூசியவள் நான்.

லதீசனை எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். ஒஸ்லோவின் அம்மருட்டில் எங்கள் மாடிக்கட்டடத்துக்கு அடுத்த கட்டடம். பத்தொன்பது வயதில் தனியாக இந்த நாட்டுக்கு வந்து, சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவி, காருக்கு ரயர் மாற்றி, கடைசியில் இந்தப் பனி ஸ்கூட்டர் திருத்தும் இடத்தில் நிலைத்தவர். எனக்கு அங்கே துப்புரவு வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான்.

அவருடைய வேலை ஷொக்கோடு மட்டும். ஸ்கூட்டர் மேட்டில் ஏறி விழும்போது அந்த அடியை வாங்கிக்கொள்கிற குழாய் அது. காற்றை வெளியே விட்டு, பழைய எண்ணெயை வடித்து, உள்ளே இருக்கிற தண்டை உருவி எடுப்பார். தண்டின் மேல் பெருவிரல் நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக ஓட விடுவார். கண்ணுக்குத் தெரியாத கீறல் நகத்துக்குத் தெரியுமாம். கழுவித் துடைத்துப் புது எண்ணெய் விட்டு, கடைசிக் குமிழி மேலே வரும்வரை தண்டை ஏற்றி இறக்குவார். அந்த நேரம் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். எல்லாம் பூட்டியபின் உள்ளங்கையால் ஒருமுறை அமத்திப் பார்ப்பார்.

பதினொரு வருடமாக அப்படி அமத்தி அனுப்பினார். ஆனால் அவை ஓடுகிற இடத்தை அவர் கண்டதில்லை. ஒஸ்லோவில் பனி ஸ்கூட்டரை ஆசைக்கு ஓட்ட விடமாட்டார்கள். வடக்கே இருந்து யாராவது வந்தால் லதீசன் கையைத் துடைத்துக்கொண்டு போய், "எப்படி இருந்தது?" என்று கேட்பார். அவர்கள் "ஃபின்ட்" என்பார்கள். நல்லது என்று அர்த்தம். அதோடு போய்விடுவார்கள்.

"பாருங்கோ அக்கா, ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு. அதை வச்சு நான் என்னத்தைக் காணுறது?" என்று என்னிடம் வந்து சொல்லுவார். "அங்கை மரமே இல்லையாம். பாக்கிற இடமெல்லாம் வெள்ளையாம். அதுக்கு மேலை ஒருக்கா இருந்து போகோணும். மேட்டிலை விழேக்கை என்ரை கை செய்தது என்ன செய்யுதெண்டு என்ரை முதுகுக்குத் தெரியோணும்."

ஒவ்வொரு மார்ச் மாதமும் கிறிஸ்ரியன் ஒரு வேலையாளைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் வடக்கே போவார். மீட்புக் குழுவோடு சேர்ந்து ஓடிப் பார்ப்பார்கள். லதீசனின் முறை வந்தபோதெல்லாம் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. ஒருமுறை மகள் ஆரணி பிறந்தாள். ஒருமுறை இடுப்பு பிடித்துக்கொண்டது. போன ஐப்பசியில் கிறிஸ்ரியன் சுவரில் இருக்கிற கலண்டரில் லதீசனின் பெயரைத் தன் கையால் எழுதினார்.

அந்தக் கிழமைதான் ஆயுத பூசை வந்தது. கோயிலில் பூசை முடிந்து திருநீறு கொண்டு வேலைக்குப் போனேன். லதீசன் நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். மேசையில் நான்கு குழாய்கள் கழுவித் துடைத்து, வாய் திறந்தபடி நின்றன. இந்த முறையாவது அந்தப் பிள்ளை தடையில்லாமல் போய்வர வேண்டும், அப்பனே முருகா, என்று சொல்லிக்கொண்டு திருநீற்றைக் குழைத்தேன். வெளியே பூசினால் முதலாளி கண்டு ஏசுவாரோ என்ற பயத்தில் நான்கு குழாயின் வாய்க்குள்ளும் ஒவ்வொரு விரல் தடவிவிட்டேன்.

கிறிஸ்ரியன் பசையைக் காட்டிய அன்றைக்கு, ஒரு ஏச்சோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வாயைத் திறக்கப் பயந்து பேசாமல் இருந்தேன். மார்ச் முதல் திங்கட்கிழமை, அவர்கள் வடக்கே புறப்படுகிற நாள், போய்ப் பார்க்கிறேன், லதீசன் மேசையடியில் நிற்கிறார். பயணத்துக்கு என்று வாங்கிய தடித்த ஜக்கெற் கதவுக்குப் பின்னால் பையோடு தொங்குகிறது.

"தம்பி, நீங்கள் போகேல்லையோ?"

"வேலை திரும்பி வந்தா அந்த வருசம் போறேல்லை அக்கா. இஞ்சத்தை வழக்கம்."

"நான் சொல்லுறன் அவரிட்டை."

"வேண்டாம். குழாயை மூடி வைக்காமல் போனது நான்தானே. உங்கடை வேலைக்கு ஏன் வில்லங்கம்."

கிறிஸ்ரியன் திரும்பி வந்த அன்றைக்கே அவருடைய அறைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த நொர்வேஜியச் சொற்களையெல்லாம் வழியில் கோத்துக்கொண்டு போனேன். உள்ளே போனதும் பாதி மறந்துவிட்டது.

"அது சாம்பல். நான் போட்டனான்" என்றேன்.

"என்ன சாம்பல்?"

"மாடு."

"மாடா?"

"மாட்டுச் சாணி. எரிச்சது. கடவுளுக்கு."

கிறிஸ்ரியன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்னுடைய ஷொக்குக்குள் மாட்டுச் சாணி" என்று மெல்லச் சொன்னார். பிறகு எழும்பிப் போய் லதீசனின் தோளில் கைபோட்டு, அடுத்த மார்ச் நிச்சயமாக நீதான் என்றார். லதீசன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். எனக்கு அன்று இரவுதான் நித்திரை வந்தது.

ஆனி மாதம் அவருடைய மனைவி நிலூஜாவுக்கு மேற்குக் கரையில் இருக்கிற பேர்கன் நகர ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைத்தது. எட்டு வருடமாக அவள் காத்திருந்த வேலை. வேண்டாம் என்று சொல்ல லதீசனுக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால் அவர் லதீசன் இல்லை.

ஆவணியில் அம்மருட் கட்டட வாசலில் வான் வண்டி ஒன்றில் சாமான் ஏற்றினார்கள். நிலூஜா முன் இருக்கையில் இருந்து, "அங்கை பனி இல்லையாம் அக்கா, மழைதானாம். இவரைக் குடைக்கு ஷொக் பூட்ட விடுவம்" என்றாள். லதீசனும் சிரித்தார். அந்தத் தடித்த ஜக்கெற்றை அவர் பெட்டியில் வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார், ஆவணி வெயிலில்.

நான் கோயில் திருநீற்றை நீட்டினேன். அவர் குனிந்து எடுத்து நெற்றியில் பூசினார். பிறகு சட்டைப் பைக்குள் இருந்து துணி எடுத்து, மேசையில் துடைப்பது போல, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"தம்பி, என்னாலைதானே…" என்று தொடங்கினேன்.

அவர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"மார்ச்சிலை கிறிஸ்ரியன் திரும்பி வருவார் அக்கா. எப்பிடி இருந்ததெண்டு கேளுங்கோ. ஃபின்ட் எண்டு சொன்னா விடாதேங்கோ. திருப்பிக் கேளுங்கோ."