ஸ்கேன் அறையில் புளி வாசம்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஆட்டோ ஏறி, நாகல் நகரில் புளிக்காரர் வீடு என்றால் இன்றைக்கும் நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். அந்த வாசலில் என் பெயர், படிப்பு, மகப்பேறு மருத்துவம், ஸ்கேன் வசதி என்று விளக்கெரியும் பலகை மாட்டியிருக்கிறேன். ஆனாலும் வடமதுரையிலிருந்து வருகிற கர்ப்பிணிகூட, "புளிக்கார வீட்டு டாக்டருங்களா?" என்றுதான் போனில் கேட்கிறாள். எனக்குக் கோபம் வரும். எனக்கு எதற்குத்தான் கோபம் வராது!

அப்பா நத்தம் பக்கம் புளி வாங்கி விற்றவர். மாசி பிறந்தால் எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டுவார்கள். யாருக்கு எத்தனையாவது மாசம், யாருக்குத் தலைச்சன் தங்கவில்லை என்ற பேச்செல்லாம் அங்கேதான் நடக்கும். நான் நடுவில் புகுந்து பழத்தைத் தின்று, நாக்குப் புண்ணாகி, ராத்திரி சோற்றுக்கு அழுவேன். பள்ளியில் என்னைப் புளிமூட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அந்த மூட்டைகள் அடுக்கிய உள்ளறையில் ஏறி உட்கார்ந்துதான் பிளஸ் டூவுக்குப் படித்தேன். சித்திரை வெயிலிலும் அங்கே குளுகுளுவென்றிருக்கும். அம்மா மோரை நீட்டிவிட்டுச் சத்தம் காட்டாமல் போய்விடுவாள்.

அம்மா இறந்த மறுவருடம், வாடகைக் கட்டடத்திலிருந்த என் கிளினிக்கை இங்கேயே கொண்டுவர முடிவு செய்தேன். அப்பாவைத் தனியாக விட மனமில்லை. கீழே கிளினிக், மாடியில் அப்பாவும் நானும் என் கணவரும். கூடம் நோயாளிகள் காத்திருக்கும் இடமாயிற்று. சமையலறை லேப் ஆயிற்று. மூட்டை அறை ஸ்கேன் அறை. அப்பா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

வாசம்தான் மல்லுக்கு நின்றது. எனக்கு அது பிறந்த வீட்டு வாசம். மசக்கைக்காரிக்கு எப்படி இருக்குமோ, யார் கண்டது? அதைவிடப் பெரிய கவலை ஈரம். ஸ்கேன் மெஷினுக்கு ஈரம் ஆகவே ஆகாது.

கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது புளியும் உப்பும் குடிச்ச சுவரு டாக்டரம்மா. அம்புட்டு லேசுல விடாது."

இரண்டு முறை பூச்சைக் கொத்திப் போட்டுப் புதிதாகப் பூசினோம். பெயின்ட் அடித்தோம். பழைய பரணை மறைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டோம். சீலிங் போட வந்தவரிடம் அப்பா, "அந்த மூலையில சின்னதா ஒரு கதவு விட்டுருப்பா. ஒயரு கியரு போனா பாக்கணும்ல" என்றார். இப்போதாவது அவருக்கு இந்த வேலையில் அக்கறை வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

மெஷின் வர நான்கு நாள் இருக்கும்போது, நோயாளி படுக்கிற கட்டிலுக்கு நேர் மேலே, வெள்ளைச் சீலிங்கில் பழுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு விழுந்தது.

வீடே அதிரக் கத்தினேன். கொத்தனாரைத் திட்டினேன், சீலிங்காரரைத் திட்டினேன், கணவரைக்கூட விடவில்லை. கடைசியில் அப்பாவைப் பார்த்து, "இந்த வீடு தேறாதுப்பா. நான் வாடகைக் கட்டடத்துக்கே போயிடுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "செத்த நேரம் பொறு பாப்பா" என்று அவரே ஏணியைத் தூக்கி வந்தார். எழுபத்தெட்டு வயதில் ஏணி ஏற விடுவேனா? பிடுங்கி நானே ஏறி, அந்தச் சின்னக் கதவைத் திறந்தேன்.

பரணில் ஒரு பீங்கான் ஜாடி. வேலை நடந்த அதிர்விலோ என்னவோ அடியில் விரிசல் விட்டு, கருஞ்சாறு கசிந்துகொண்டிருந்தது. வாயில் அம்மாவின் சுங்குடிச் சேலைத் துண்டு. அதைக் கட்டியிருந்த முடிச்சு மட்டும் அம்மாவுடையது அல்ல. அப்பா புளி மூட்டைக்குப் போடுகிற முடிச்சு.

"உங்க அம்மா வச்சது" என்றார் அப்பா கீழேயிருந்து. "உன் கல்யாண வருசத்துப் புளி. பிள்ளை பெத்தவளுக்குப் பத்திய ரசம் வைக்கப் பழம்புளிதான் ஆகும்னு சொல்லுவா. மாசிக்கு மாசி இறக்கி, உப்புப் போட்டுக் கட்டி வைப்பா. அவ போன பெறகு நான் வச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கோவிச்சுக்குவேல்ல."

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். பார்க்காத வைத்தியமில்லை. ஒருநாள் அம்மாவிடம் போனில், "இன்னொரு தடவ பிள்ளைப் பேச்சு எடுத்தீங்க, அந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்" என்று கத்தியிருக்கிறேன். அதன்பிறகு அவள் வாயே திறக்கவில்லை. அப்பாடா, விட்டுவிட்டாள் என்று நினைத்திருந்தேன். ஏணியில் நின்றபடியே அழுதேன். கொத்தனார் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

"எனக்கு நாப்பத்தஞ்சு ஆச்சுப்பா" என்றேன். "இனி இல்லப்பா."

எத்தனையோ பெண்களிடம் நிதானமாக உட்கார்ந்து சொன்ன சேதி. அப்பாவிடம் சொல்ல இத்தனை வருடம் ஆயிற்று.

"தெரியும் பாப்பா" என்றார். ஏணியைப் பிடித்தபடியே, "அப்ப அதத் தூக்கிப் போட்டுரவா?" என்று கேட்டார்.

"வேணாம். இன்னிக்கு ரசம் வைங்க."

சீலிங்கில் ஒரு பலகையை மாற்றினார்கள். சுவர் காய்ந்தது, மெஷினும் சொன்ன நாளில் வந்து சேர்ந்தது.

ஜாடியை இறக்கிய அன்றைக்கு மதியமே அப்பா மாடி அடுப்படிக்குப் போனார். ஜாடியின் நடுவிலிருந்து எடுத்த புளி கன்னங்கரேலென்று மெழுகு மாதிரி இருந்தது. மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைத்து, குழைய வடித்த சோற்றில் ஊற்றி, பக்கத்தில் வேறு வெஞ்சனம் எதுவும் வைக்காமல் தட்டை என் முன்னால் நகர்த்தினார். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற சாப்பாடு. நான் பெறவில்லை. ஆனால் அம்மா எனக்கென்று வைத்தது. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.