அத்தை குடித்த தண்ணீர்

சேதி வந்தபோது நான் பாலாற்று மணலில் தோண்டிய ஊற்றில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு வள்ளி கரையில் நின்று, "சரோஜா, உங்க அத்த போய்ட்டாங்க, வா" என்றாள். குடம் பாதிதான் நிறைந்திருந்தது. அதை நிறைத்துத் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். மாமியார் செத்த சேதி கேட்டும் குடத்தை விடாதவள் என்று ஊரில் பேசியது என் காதுக்கும் வந்தது. பேசியவர்களும் இன்று வந்திருப்பீர்கள்.

பதினாறாம் நாள் படத்துக்கு முன்னால் படிக்க அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுது என்றார் என் கணவர். வீட்டில் பத்தாவது வரை படித்தவள் நான்தான்.

என் மாமியார் பச்சையம்மாளை உங்களுக்கெல்லாம் தெரியும். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து, கூலி வேலைக்குப் போய் ஒரே மகனை ஆளாக்கி, ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சேர்த்துவிட்டவர். எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். காலையில் கிணற்றில் சேந்திய தண்ணீரை அவர் குடிப்பதற்கு முன் யாரும் வாயில் வைக்கக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் தெரியாமல் ஒரு வாய் குடித்துவிட்டேன். "இன்னா அவசரம்? நான் குடிச்சி கொஞ்ச நேரம் ஆவட்டும்" என்று சொம்பைப் பிடுங்கினார். மாமியார்த்தனம் காட்டுகிறார் என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். டேனரிக் கழிவு எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஓட ஆரம்பித்திருந்ததும், அதனால்தான் அவர் முதலில் குடித்துப் பார்க்கிறார் என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

என் இரண்டாவது மகள் பிறந்த வருஷம், ஒரு நாள் மத்தியானம் வரை எரித்தும் பருப்பு வேகவில்லை. அத்தை பானையை இறக்கி, பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்தார். "இனிமே இந்தத் தண்ணி நமக்கு ஆவாது" என்றார். தெருவில் மனு எழுதிக்கொண்டு வந்தார்கள். "எம் புள்ள பேரு வேணாம், அவன் அங்க வேலைக்குப் போறான். என் பேர எழுதிக்க" என்று கைநாட்டு வைத்தார். மனு போன இடம் தெரியவில்லை. அன்றிலிருந்து நான் ஆற்றுக்கு நடந்தேன், தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று தினமும் இரண்டு குடம்.

ஐந்து பேருக்கு இரண்டு குடம் எப்படிப் போதும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரு நாள் சீக்கிரம் திரும்பி வந்தபோது கிணற்றடியில் அத்தை சொம்பைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். "எனக்குப் பழகிப்போச்சிடி. புள்ளைங்களுக்குக் கம்மியாவக் கூடாது. அவன்கிட்ட சொல்லாத, பேஜார் பண்ணுவான்" என்றார்.

நான் சொல்லவில்லை. அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டு என்று எழுதினால் அது பொய். சொன்னால் மூன்றாவது குடத்துக்கு நான்தான் திரும்ப ஆற்றுக்குப் போக வேண்டும். எனக்கு இடுப்பு வலித்தது. அவ்வளவுதான். அப்படியே நாலு வருஷம் போயிற்று.

அத்தைக்குக் கால் வீங்கி, முகம் வீங்கி, வேலூருக்கு அழைத்துப் போனோம். எந்தத் தண்ணீர் குடிக்கிறார் என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் என் கணவர் நின்றார். "ஆத்துத் தண்ணிதான் சார்" என்றேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில், மகன் டிக்கெட் எடுக்கப் போன நேரத்தில் என் கையைப் பிடித்தார். "நல்லாதான் சொன்ன. கேட்டிருந்தா வேலைய வுட்டுட்டு சண்டைக்குப் போயிருப்பான்." நான் நினைக்காத ஒரு நியாயத்தை எனக்காக அவரே தேடிக் கொடுத்தார். நானும் தலையாட்டினேன். வெட்கமாக இருக்கிறது.

குளிப்பாட்டும்போது வழக்கப்படி வீட்டுக் கிணற்றில் சேந்தப் போனார்கள். நான் குறுக்கே நின்று என் குடத்தை நீட்டினேன். அதற்குத்தான் அதை நிறைத்து வந்தேன். ஒரு குடம் போதவில்லை. தலைக்கு மட்டும் ஆற்றுத் தண்ணீர், மற்றதெல்லாம் கிணற்றுத் தண்ணீர்.

அவருடைய பித்தளைச் சொம்பும் இரண்டு புடவைகளும் என்னிடம் இருக்கின்றன. பஸ்ஸில் அவர் கொடுத்த அந்த நியாயத்தை மட்டும் இனி என்னால் வைத்துக்கொள்ள முடியாது. அன்று டாக்டருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை, இப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவர் மகனுக்குச் சொல்கிறேன். உங்கள் அம்மா நாலு வருஷமாகக் குடித்தது கிணற்றுத் தண்ணீர். எனக்குத் தெரியும்.