மனசு மிஸ்ஸும் வயிற்றுவலியும்

அந்தத் தொடக்கப் பள்ளியில் தையல் வகுப்பை எடுத்துவிட்டு, அந்த அறையில் கணினிகளை இறக்கினார்கள். தையல் டீச்சரை எங்கே இறக்குவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. தலைமையாசிரியர் தாடையைச் சொறிந்து யோசித்தார்.

"உங்க குரல் சாந்தமா இருக்கு டீச்சர். இனிமே குழந்தைங்க மனசைப் பாத்துக்கங்க."

ஒரு ஓட்டல் ஹாலில், மதியச் சாப்பாட்டோடு சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு சான்றிதழும் வாய் நிறையப் புதுச் சொற்களும் இருந்தன. மாடிப்படிக்குக் கீழே, காற்றுப் போன பந்துகளை ஒதுக்கி, ஒரு மேஜையும் இரண்டு நாற்காலிகளும் போட்டு, 'மனநல ஆலோசனை அறை' என்று பலகை மாட்டினார்கள். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மனசு மிஸ். எலக்ட்ரீஷியனான அவருடைய கணவர் மட்டும், "ஊசியில நூல் கோக்கறவ, இப்ப மனசுல கோக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

சனிக்கிழமை தோறும் பள்ளியின் பெரிய ஹாலில் அம்மாக்களுக்கு வகுப்பு. சின்னப் பிள்ளைகளின் மனக் கஷ்டங்களையும் நடத்தைப் பிரச்சினைகளையும் அவர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. முதல் நாள் அம்மாக்கள் பயந்துகொண்டே வந்தார்கள். மிஸ் ஒவ்வொரு சொல்லாகப் பலகையில் எழுதினார். கவனச்சிதறல். பிரிவுப் பதற்றம். எதிர்ப்பு மனப்பான்மை. பயம் போய்விட்டது. அடுத்தடுத்த வாரங்களில் கூட்டம் அலைமோதியது. வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கொரு சொல்லாவது கையில் இருக்கவேண்டும் அவர்களுக்கு.

முன்பெல்லாம் பள்ளி வாசலில், "எம் பையன் முதல் மார்க்" என்று பெருமை பேசியவர்கள் இப்போது, "என் பையனுக்குக் கவனச்சிதறல், கொஞ்சம் முத்தினது" என்றார்கள். "அது என்ன பெரிசு, என் பொண்ணுக்கு ரெண்டு இருக்கு" என்றாள் பக்கத்திலிருந்தவள். மாமியாருக்கு எதிர்ப்பு மனப்பான்மை என்று கண்டுபிடித்தவர்களும் உண்டு. ஒரு தாய் மட்டும் வகுப்பு முடிந்தும் போகாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

"எம் பொண்ணுக்கு ஒண்ணுமே இல்லையா மிஸ்? இன்னொரு தடவை நல்லாப் பாருங்களேன்."

பிள்ளைகளும் சும்மா இருப்பார்களா? கூட விளையாடினவனைப் படியிலிருந்து தள்ளிவிட்ட ஒருவனை மிஸ்ஸிடம் இழுத்து வந்தார்கள். அவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"நான் தள்ளல மிஸ். என் கோபம் தள்ளிச்சு."

இப்படி எல்லாம் சுபமாக நடந்துகொண்டிருக்கும்போதுதான் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு வயிற்றுவலி வந்தது. அவள் அம்மா மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். கடையிலிருந்த சிரப்பெல்லாம் கொடுத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடம் என்றாலே வலி. லீவு நாளில் வலி இல்லை.

"பிரிவுப் பதற்றம்" என்றார் மிஸ், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றாள் அம்மா, மார்க் வாங்கின மாணவியைப் போல.

குழந்தைக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். அவளும் சமர்த்தாக மூச்சை இழுத்தாள், விட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பாவம் பார்த்து ஒருநாள் மிஸ் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டது.

"ஏம்மா, தாகம் இல்லையா?"

"தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும்."

"வந்தா என்ன கண்ணு?"

"பாத்ரூம் கதவுல தாழ்ப்பாள் இல்ல. பெரிய கிளாஸ் அக்காங்க தொறந்து விட்டுட்டுச் சிரிப்பாங்க."

மிஸ் எழுந்து போய்ப் பார்த்தார். கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் துருப்பிடித்த இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. அன்று முழுக்க அவர் மனதில் ஓடியது ஒரே எண்ணம்: இத்தனை நாளில் அந்தக் குழந்தையிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே.

தலைமையாசிரியரிடம் போனார்.

"தாழ்ப்பாளுக்கு இந்த வருஷம் பட்ஜெட் இல்ல டீச்சர். கவுன்சலிங்குக்குத்தான் இருக்கு."

"அப்ப இதைக் கவுன்சலிங்னு எழுதிக்கங்க சார்."

மறுநாள் காலை, கணவரின் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்து வந்து, கடையில் வாங்கிய தாழ்ப்பாளைத் தானே மாட்டினார். பெரிய வகுப்புப் பெண்களைக் கூப்பிட்டுக் கொஞ்சம் பேசவும் செய்தார். அன்று குரல் அவ்வளவு சாந்தமாக இல்லை என்று கேள்வி. அந்த வாரத்திலேயே வயிற்றுவலி நின்றது. அந்தக் குழந்தைக்கு மட்டுமல்ல, யாரும் கவனிக்காத இன்னும் சில பிள்ளைகளுக்கும். பள்ளி அறிவிப்புப் பலகையில், 'ஆலோசனைத் திட்டம் மாபெரும் வெற்றி' என்று எழுதி, தலைமையாசிரியர் படத்தை ஒட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை மிஸ் பலகையில் ஒன்றும் எழுதவில்லை.

"இன்னிக்குப் புதுசா எதுவும் இல்லம்மா. ஒரே வேலைதான். குழந்தைகிட்ட ஒரு கேள்வி கேளுங்க. அப்புறம் வாயை மூடிக்கங்க."

ஜோடி ஜோடியாக உட்கார வைத்துப் பழக்கினார். ஒருத்தி குழந்தை, ஒருத்தி அம்மா. ஹாலே சந்தைக்கடை ஆனது. குழந்தையாக நடித்தவள் வாயைத் திறப்பதற்குள் அம்மாவாக நடித்தவள் திட்டி, புத்தி சொல்லி, பக்கத்து வீட்டுப் பிள்ளையை உதாரணம் காட்டி முடித்துவிட்டாள்.

"கொஞ்சம் பொறுக்கலாமே" என்றார் மிஸ்.

"எப்படி மிஸ்? அவ பேசறதுக்குள்ளயே எனக்குப் பதில் தெரிஞ்சிடுதே!"

கூட்டம் கரைந்தது. சொல் கிடைக்காத வகுப்புக்கு யார் வருவார்கள்? தலைமையாசிரியர் வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். அவர் திரையில் வண்ண வண்ணமாகப் படம் காட்டினார், சொற்களும் புத்தம் புதிது. பெரிய ஹாலும் கூட்டமும் அவருக்குப் போய்விட்டன. மிஸ்ஸின் வகுப்பு மாடிப்படிக்குக் கீழே; மிச்சமிருந்தவர்கள் ஒரு பெஞ்சில் அடங்கிவிடுவார்கள். மிஸ்ஸுக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு, பெஞ்சில் இருப்பவர்கள் பேசுவது நன்றாகக் காதில் விழுகிறதே என்று ஆறுதலானார்.

ஒரு சனிக்கிழமை, வாயாடி என்று பேர் வாங்கிய ஒரு அம்மா மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள்.

"கேட்டேன் மிஸ். கேட்டுட்டு வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். உசுரே போயிடுச்சு."

"பையன் என்ன சொன்னான்?"

"நான் கத்தறது அவனுக்குப் பயமா இருக்காம்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கத்திட்டேன் மிஸ். ஆனா, பாதியிலயே நிறுத்திட்டேன்."

மிஸ் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பாதியில நிறுத்தினதும் அவன் என்ன செஞ்சான், அதைச் சொல்லுங்க" என்றார்.