சரி, தப்பு என்று இரண்டு பொத்தான்கள்

அக்கா என் அறைக்கு வந்தால் கையில் ஏதாவது ஒரு தாள் இருக்கும். ரேஷன் கடையில் கொடுத்த துண்டுச் சீட்டு, அவள் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சுற்றறிக்கை, மாத்திரை அட்டை. சில சமயம் தாளே இல்லாமல் போனில் வந்து நிற்கும் ஒரு செய்தி. படிக்கட்டில் அவள் ஏறும் சத்தம் கேட்டதும் லேப்டாப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுவேன். "இது என்னான்னு பாருடி" என்பாள். படித்துச் சொல்வேன். "ம்" என்று கேட்டுக்கொண்டு, தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகியபடி இறங்கிவிடுவாள். ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

திருவையாற்றுக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டிய எங்கள் தெருவில், அரசு கட்டித் தந்த தொகுப்பு வீட்டின் மேல் ஒற்றை அறை. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு எழுப்பியது. சென்னையில் இருக்கிற நிறுவனம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்னதும் ஊருக்கு வந்துவிட்டேன். ஊரோடு இருக்கலாம், அக்காவோடு இருக்கலாம் என்று நினைத்து வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, காலையில் தெருவே வயலுக்குப் போய்விடும். அம்மா போய்விடுவாள், அக்கா போய்விடுவாள். வாய்க்கால் தண்ணீர் ஓடும் சத்தமும் என் மின்விசிறியும் மட்டும் பேசிக்கொண்டிருக்கும். சாயங்காலம் திரும்பி வருகிறவர்கள் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்கள். "என்ன கம்ப்யூட்டரு, இன்னைக்கும் லீவா?" சிரிப்பேன். சட்டையில் சேறு ஒட்டாத ஒரு வேலையை வேலை என்று எங்கள் தெருவில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். கல்லூரி, பட்டம், வேலை எல்லாமே முதல். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தாழாது. தாழ வேண்டிய காரணமும் இல்லை. ஆனால் அக்காவும் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவள்தான். அந்த வருஷம் நான் பிறந்தேன். அம்மா நடவுக்குப் போக வேண்டும், கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். அக்காவின் சிலேட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு என்னை அவள் இடுப்பில் ஏற்றினார்கள். சில வருஷம் கழித்து அந்தச் சிலேட்டையே தூக்கிக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன். அக்கா வாசல் வரைக்கும் வந்து விட்டுவிட்டு வயலுக்குப் போனாள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பெற்றோரே வாசிக்கச் சொல்லிக்கொடுக்க உதவும் ஆப் ஒன்றை வடிவமைக்கும் வேலை எனக்கு வந்தபோது, அதனால்தான் அவ்வளவு ஆசையாக எடுத்துக்கொண்டேன். அக்காவின் மகளுக்கு அப்போது ஆறு வயது. அக்காவின் வீடு அதே தெருவில்தான். அறுவடை இயந்திரம் ஓட்டும் அத்தான் பருவத்துக்குப் பருவம் வேறு வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார். அக்காவும் மகளும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வாசிப்பதை மனத்தில் வைத்துத்தான் ஒவ்வொரு திரையையும் வரைந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "வாத்தியார் வேலையா?" என்று கேட்டாள்.

"வாத்தியாருக்கு இல்லம்மா. அம்மா அப்பாவே பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கறதுக்கு."

"தெரிஞ்சவங்க வாயாலயே சொல்லிக் குடுத்துருவாங்க. தெரியாதவங்க போனை வச்சிக்கிட்டு என்னடி பண்ணுவாங்க?" என்று சிரித்தாள். அம்மாவின் கேலி என்று விட்டுவிட்டேன்.

ஆப் இப்படி இருந்தது. திரையில் ஒரு படம், கீழே ஒரு சொல். பிள்ளை வாசிக்க வேண்டும். பெற்றோர் கேட்டுவிட்டு, பச்சையாக ஒன்றும் சிவப்பாக ஒன்றுமாக இருக்கும் இரண்டு பொத்தான்களில் ஒன்றை அமுக்க வேண்டும். சரி, தப்பு. எந்தப் பொத்தான் எதற்கு என்று குரலில் சொல்ல வைத்தது என் யோசனை. வட்டம், நிறம், குரல் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். சோதனைக்கு எடுத்துக்கொண்ட வீடுகளில் அக்காவின் வீட்டையும் சேர்த்தேன். அது என் அக்கா வீடு என்று அலுவலகத்தில் சொல்லவில்லை.

ஆப் போட்ட போனைக் கொடுக்கப் போன அன்று மகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தாள். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்கறது அவளுக்குத் தெரியாதுடி. ஸ்கூல்ல குடுக்குற தாளைக்கூட உன்கிட்ட கேட்டுட்டுப் போயி அவகிட்ட படிக்கற மாதிரிதான் சொல்லுவேன். நீ எதையாச்சும் உளறி வைக்காத."

அப்போதுதான் தாளோடு அவள் அத்தனை தடவை மாடி ஏறியதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. "சொல்ல மாட்டேன்க்கா" என்றேன்.

முதல் நாள் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் வெள்ளையாக ஒரு பறவை, கீழே 'கொக்கு' என்று எழுதியிருந்தது. பிள்ளை எழுத்தைப் பார்க்கவே இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு, "மடையான்!" என்று கத்தினாள். வயல் வரப்பில் நிற்கும் சின்னப் பறவையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சென்னையில் யாரோ வரைந்த கொக்குக்குக் கழுத்தும் குட்டையாகத்தான் இருந்தது. அக்கா படத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பச்சையை அமுக்கினாள். போன் கைதட்டியது. பிள்ளை குதித்தாள். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே பச்சை.

பிள்ளை உள்ளே போனதும், "சிவப்பையும் அமுக்கலாம்க்கா" என்றேன்.

"எனக்கே தெரியாதத நான் எப்படித் தப்புன்னு சொல்றது? அந்த மொகத்தப் பாத்தியா? சிவப்ப அமுக்கினா வாடிப் போயிடும்டி."

சோதனை முடியும் நேரத்தில் ஒரு வீடியோ கூட்டம். காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று எங்கள் குழுத் தலைவி காட்டிக்கொண்டு வந்தார். அக்காவின் வீடு வந்ததும் நின்றார். "இங்க பாருங்க. ஒரு தப்புகூட இல்ல."

"அந்த வீட்டுப் பிள்ளை பிறக்கும்போதே டாக்டர் பட்டம் வாங்கியிருக்கும்" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

"சும்மா அமுக்கிட்டே போயிருக்காங்க. கூட உக்காரவே இல்ல. அக்கறை இல்லாத வீடு. இதை எடுத்துடலாம்" என்றார் தலைவி.

என் மைக் அணைந்திருந்தது. அக்கறை இல்லாத வீடு என்ற சொல் அந்த அறைக்குள் சுற்றி வந்தது. வயலிலிருந்து வந்து, குளித்துவிட்டு, ஈரத் தலையோடு அந்தப் போனுக்கு முன்னால் தினமும் உட்கார்ந்தவள் என் அக்கா. மைக்கைத் திறந்தேன்.

"அது எங்க அக்கா வீடுங்க. கூடத்தான் உக்காந்திருந்தாங்க. எங்க அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அதனாலதான் எல்லாத்துக்கும் சரின்னு போட்டிருக்காங்க."

திரையில் எல்லா முகங்களும் அசையாமல் இருந்தன. இணையம் நின்றுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகு தலைவி மெதுவாகக் கேட்டார். "படிக்கத் தெரியாதவங்க எப்படிங்க சொல்லிக் கொடுப்பாங்க?"

"சொல்லிக் கொடுக்க வேணாங்க. பிள்ளை வாசிக்கறதக் கேட்டாப் போதும். அதுக்கேத்த மாதிரி ஆப்பை நாம செய்யணும்."

"சரி. செஞ்சு காட்டுங்க" என்றார்.

கூட்டம் முடிந்ததும் எழுந்து திரும்பினேன். வாசற்படியில் அக்காவின் மகள் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் லீவு; கையில் நான் குடிப்பதற்கு, அன்று வயலுக்குப் போகாத என் அம்மா கொடுத்தனுப்பிய மோர்ச் சொம்பு. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. சொம்பை என்னிடம் நீட்டினாள். "அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதா சித்தி?" என்று கேட்டாள். சொம்பை நான் வாங்கியதும் இறங்கி ஓடிவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் படிக்கட்டில் அக்காவின் சத்தம் கேட்டது. வழக்கம்போல லேப்டாப்பைத் தள்ளி வைத்தேன். அவள் கையில் தாள் இல்லை. சோதனைக்குக் கொடுத்த போன் மட்டும் இருந்தது.

"'நீ சரின்னு சொன்னதெல்லாம் பொய்யாம்மா'ன்னு கேக்குறா. நான் என்னடி சொல்லட்டும்?"

"உன்னை அக்கறை இல்லாதவன்னு சொன்னாங்கக்கா. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல."

"யாரு? என்னைப் பாத்திருக்காங்களா அவங்க? முகம் தெரியாதவங்க சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. அவங்க முன்னாடி என்னை நல்லவளாக்கறதுக்கு, எம் பொண்ணு முன்னாடி இப்படி ஆக்கிட்ட."

"ஒருநாள் தெரியத்தானேக்கா போவுது?"

"போவும். நான் சொல்லிருப்பேன். நீ படிச்சவ, உனக்கு எல்லாம் சொல்ல ஈஸி." போனை மேசையில் வைத்தாள். "நீயே சொல்லிக் குடு" என்று இறங்கிப் போனாள்.

அந்தக் கூட்டத்தில் பேசியிருக்கக் கூடாது என்று நான் இன்றும் நினைக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால், அக்காவைப் போன்ற ஒவ்வொருத்தியும் அக்கறை இல்லாதவள் என்று அந்த ஆப்பிலிருந்து வெளியே போயிருப்பாள். ஆனால் அந்த வாரம் முழுக்க அப்படி நினைத்துக்கொண்டே தனியாகச் சாப்பிட்டேன். தெருக்குழாயில் எதிர்ப்பட்டால் அக்கா குடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்த தாள்களை யாரிடம் காட்டினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் திரையைத் திரும்ப வரைய உட்கார்ந்தேன். வெளியே சம்பா நடவு. வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். லீவு நாட்களில் நானும் நட்டிருக்கிறேன். ஒருத்தி ஊன்றிய நாற்று சேற்றில் பிடிக்காமல் மிதந்தால், பக்கத்தில் நடுகிறவள் கையை நீட்டி அதை ஊன்றிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிடுவாள். பேச்சு நிற்காது, கேலி நிற்காது. உன் நாற்று மிதக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. இதைக் கையால் செய்து வளர்ந்த நான்தான் கைதட்டும் பச்சையையும் சிவப்பையும் வரைந்திருந்தேன்.

இரண்டு பொத்தான்களையும் எடுத்துவிட்டேன். பிள்ளை வாசித்து முடித்ததும், சரியோ தப்போ, போன் அந்தச் சொல்லை ஒரு தடவை மெதுவாகச் சொல்லும். அவ்வளவுதான். எழுத்தைப் பார்க்காமல் யூகிக்க முடியாதபடி படம் அதற்கப்புறம்தான் வரும். பெற்றோருக்கு ஒரே ஒரு பொத்தான். அதில் காது வரைந்திருந்தது. அமுக்கினால், "இன்னொரு தடவை வாசி" என்று போன் பிள்ளையிடம் சொல்லும். கொக்குக்குக் கழுத்தையும் நீளமாக்கச் சொன்னேன். தலைவி பார்த்துவிட்டு, "இது எல்லாருக்குமே இப்படி இருக்கட்டும்" என்றார். பாராட்டினார்கள். யாரிடம் சொல்லலாம் என்று மாடியிலிருந்து தெருவைப் பார்த்தேன். அக்கா வீட்டு வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.

சில நாள் கழித்து அவள் மகள் மாடிக்கு வந்தாள். "அம்மா போனை வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"'எனக்குத் தெரியாது, நீ படி, நான் கேக்குறேன்'னு சொன்னாங்க."

புதிய ஆப்பைப் போட்டுக் கொடுத்தனுப்பினேன். அதற்குப் பிறகு சாயங்காலங்களில் மாடியிலிருந்து அவர்கள் சத்தம் கேட்கும். அக்கா மீன் அலசிக்கொண்டிருப்பாள். பிள்ளை வாசிப்பாள், போன் சொல்லும். போன் சொல்வதை அக்காவும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது போல இருக்கும். தூரத்திலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது.

அக்கா என்னோடு பேசத் தொடங்கிவிட்டாள். குழம்பு கொடுத்தனுப்புகிறாள், "இளைச்சிட்ட" என்கிறாள். ஆனால் படிக்கட்டு ஏறுவதில்லை.

இந்த அறுவடைக்கு நெல் கொள்முதல் நிலையம் திறக்கும் சமயம் ஒரு நோட்டீஸ் வீடு வீடாகக் கொடுத்துப் போனார்கள். எனக்கும் ஒன்று வந்தது. லேப்டாப்பைத் தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே அக்கா வீட்டு வாசலிலிருந்து, அதே நோட்டீஸை வாசிக்கும் பிள்ளையின் குரல், ஒவ்வொரு எழுத்தாக, கல் கல்லாகத் தாண்டுவது போல வந்தது. 'ஈரப்பதம்' என்ற இடத்தில் தடுக்கி, வேறு ஏதோ ஒரு சொல்லாக வாசித்துவிட்டுப் போனாள். நான் எழுந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும் வந்துவிட்டேன். சொல் நாக்கு நுனியில் இருந்தது.

"இன்னொரு தடவை வாசி" என்றாள் அக்கா.

பிள்ளை திரும்ப வாசித்தாள். இந்தத் தடவை சரியாக வந்தது. அக்கா அந்தத் தாளை வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். மாடியை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் உள்ளே வந்து, கதவைச் சாத்தாமல், விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தேன்.