தோற்றதை மட்டும் ஓட்டு

ஒரு தோளில் பை, ஒரு கை கீபோர்டில், இன்னொரு கையில் போன். சாயங்காலம் ஐந்தேகால் ஆனால் போதும், அக்கா இப்படித்தான் நிற்பார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார், உட்கார்ந்தால் பஸ் போய்விடும் என்று ஒரு பயம். ஓசூரில் நாங்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் பேட்டரி ஸ்கூட்டருக்கான கன்ட்ரோல் போர்டு தயாராகிறது. அந்த போர்டுக்குள் ஓடும் சாஃப்ட்வேரை எழுதுவது என் வேலை, சோதிப்பது அக்கா வேலை. என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர், ஆனாலும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நான் ஊத்தங்கரைக்காரி. மத்திகிரியில் வாடகை வீடு. ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ, எதையாவது பிடித்து எந்நேரமும் போய்ச் சேர்ந்துவிடுவேன். அக்காவுக்கு அப்படியில்லை. தேன்கனிக்கோட்டையும் தாண்டிப் போய் இறங்கி, அங்கிருந்து ஊர்வரைக்கும் காட்டோர ரோடு. வீட்டுக்காரர் ஸ்கூட்டரோடு ஸ்டாப்பில் காத்திருப்பார். இருட்டினால் அந்த ரோட்டில் யானை இறங்கும். ராகிக் கொல்லை ஓரம் பக்கத்து வீட்டுக்காரரை யானை தள்ளிவிட்டதில் அவர் கால் உடைந்துபோன வருஷம் அது. அதிலிருந்து அக்காவுக்கு ஆறு மணி பஸ்தான் உயிர்.

சோதனைகளை ஓட்டுவதற்கு எங்களிடம் ஒரு புரோகிராம் இருக்கிறது. ரன்னர் என்போம். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தால், மேசைமேல் இருக்கும் போர்டில் நூற்றுக்கணக்கான சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி, எது பாஸ், எது ஃபெயில் என்று சொல்லும். முழுசாக ஓடி முடிய மூன்று மணி நேரம் பிடிக்கும். மத்தியானத்துக்குமேல் ஒன்று ஃபெயிலானால் தொலைந்தது. நான் சரிசெய்து கொடுப்பேன், அக்கா மறுபடி முதலிலிருந்து ஓட்டுவார், பஸ் போயிருக்கும். சில தடவை இப்படி ஆனதும், "வேலையை உட்டுடறேன் பாப்பா. உசுரைக் கையில புடிச்சிக்கினு எத்தினி நாளைக்குப் போறது?" என்று கண்கலங்கிவிட்டார். எனக்குப் பகீரென்றது. அவர் போய்விட்டால் அந்த ஆபீசில் எனக்கென்று யார் இருக்கிறார்கள்? அன்றைக்கே உட்கார்ந்து ரன்னரில் ஒரு ஆப்ஷன் சேர்த்தேன். கட்டளைக்குப் பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்து அடித்தால், போன தடவை தோற்ற சோதனைகளை மட்டும் எடுத்து ஓட்டும். சில நிமிஷத்தில் முடிந்து, பச்சை எழுத்தில் ‘எல்லாம் பாஸ்’ என்று வரும். அக்கா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "நல்லா இருப்ப போ" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்.

காலையில் முழு ஓட்டம், சாயங்காலம் மட்டும் இந்த ஆப்ஷன் என்றுதான் எங்களுக்குள் பேச்சு. பேச்சு பேச்சாகவே போனது. காலையில் போர்டு வேறு வேலைக்குப் போய்விடும், முழு ஓட்டம் நாளைக்கு என்று தள்ளிப்போகும். சுகம் கண்டுவிட்டால் மனுஷன் விடுவானா? ஆபீசில் எல்லோருக்கும் அந்த ஆப்ஷன் கைப்பழக்கமாகிவிட்டது. மூன்று சோதனை ஓடினாலும் அதே பச்சை, அத்தனையும் ஓடினாலும் அதே பச்சை. பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் என்னமோ உறுத்திக்கொண்டே இருந்தது, ஆனால் என்னவென்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

மழை மூட்டமாக இருந்த ஒரு சாயங்காலம், சார்ஜிங் சம்பந்தமான ஒரு கோளாறைச் சரிசெய்து கொடுத்தேன். அக்கா ஆப்ஷன் போட்டு ஓட்டினார், பச்சை வந்தது. மறுநாள் காலை ஷிப்டில் அந்த சாஃப்ட்வேரைப் புது வண்டிகளில் ஏற்றுவதாக ஏற்பாடு. அதற்கு அக்காவின் ஓகே மெயில் வேண்டும். டீம் லீடர் சார் கன்னடக்காரர், நல்ல மனுஷன்தான், ஆனால் அவசரக்காரர். "ஆய்த்தல்லம்மா, முடிஞ்சுதே! பச்சை வந்துடுச்சு, மெயில் போட்டுட்டுக் கெளம்பு" என்றார். அக்கா பையை மாட்டிக்கொண்டு எழுந்தவர், என்ன தோன்றியதோ, என் பக்கம் திரும்பி, "பாப்பா, முழுசா கடைசியா எப்ப ஓட்டுனோம்?" என்று கேட்டார். நான் சாரைப் பார்த்தேன், சார் என்னைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை.

அக்கா பையைக் கழற்றிக் கீழே வைத்தார். "சார், மூணுதான் ஓடிச்சு. மிச்சம் ஓடவே இல்லியே. ஓடாததுக்கு நான் எப்டி சார் ஓகே சொல்றது?" என்றார். சார் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா ஆப்ஷன் இல்லாமல் கட்டளையை அடித்துவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டு, "பஸ்ஸு போச்சு, எட்டரைக்கு வர்ற மாதிரி வண்டிய எடுத்துக்கினு நீங்களே வந்துடுங்க" என்றார். ஜன்னலுக்கு வெளியே ஆறு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பாதிக்குமேல் ஓடியபோது சிவப்பில் ஒரு வரி விழுந்தது. பேட்டரி இறங்கினால் வண்டி வேகம் குறையலாம், ஹெட்லைட் மட்டும் அணையவே கூடாது. அதைப் பார்க்கும் சோதனை அது. ஃபெயில். என்றைக்கோ நாங்கள் செய்த ஒரு மாற்றம் லைட்டையும் சேர்த்து அணைத்துக்கொண்டிருந்திருக்கிறது, அந்தச் சோதனையை அப்புறம் நாங்கள் ஓட்டவே இல்லை. "அப்பாடா, தப்பிச்சோம்" என்று சார் பெருமூச்சு விட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. கம்பெனி ஓட்டிப் பார்க்கச் சொல்லி அக்கா வீட்டுக்குக் கொடுத்திருந்த வண்டி, அவர் வீட்டுக்காரர் வந்துகொண்டிருக்கும் வண்டி, போன வாரம்தான் எங்கள் புது சாஃப்ட்வேரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

போன் போட்டார். வீட்டுக்காரர் எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொட மாட்டாராம், அக்காதான் சத்தியம் வாங்கியிருந்தாராம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சார் காரை எடுத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டை ரோட்டில் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினார். நாங்கள் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றோம். தூரத்தில் வரும் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் அக்கா ஓரடி முன்னால் வைப்பார், அது லாரியாகவோ காராகவோ கடந்து போகும்.

கடைசியில் அக்கா வீட்டுக்காரர் சார் காருக்கு முன்னால் வந்தார். பின்னாலிருந்து கார் வெளிச்சம் காட்டிக்கொண்டே வந்தது. "லைட்டு பொசுக்குனு போயிடிச்சு. ஒரு பால் வண்டி பின்னாலயே ஒட்டிக்கினு வந்தேன், அப்புறம் சாரு வந்தாரு" என்று சிரித்தார். அக்கா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார், அப்புறம் அந்தத் தோளிலேயே சாய்ந்து அழுதார். அழுகை அடங்கியதும், "நான் பஸ்ஸு புடிச்சிருந்தா, ஸ்டாப்புலருந்து அந்தக் காட்டு வழியில ரெண்டு பேரும் இதுலதான போயிருப்போம்?" என்றார்.

அன்றிரவு அவர்கள் இருவரும் மத்திகிரியில் என் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் லைட் கோளாறைச் சரிசெய்துவிட்டு, நான் அந்த ஆப்ஷனை எடுத்துவிடலாம் என்றபோது அக்காதான் தடுத்தார். "அது இல்லாட்டி என் பஸ்ஸுக்கு யாரு பதிலு? ஓடாதது எத்தினின்னு மட்டும் சேப்பு எழுத்துல வர்ற மாதிரி பண்ணு" என்றார். அப்படியே செய்தேன். இப்போதும் அக்கா சாயங்காலம் அதை அடித்துவிட்டு, அந்தச் சிவப்பு வரியை எனக்குக் காட்டிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுகிறார். காலையில் நான் முதல் வேலையாக முழு ஓட்டத்தைத் தொடங்கிவைக்கிறேன். ஓகே மெயில் அதற்கப்புறம்தான். தினமும் வீடு சேர்ந்ததும் அவர் அனுப்பும் ‘வீடு வந்துட்டேன்’ என்ற செய்தி நேற்று நெடுநேரம் வரவில்லை. நானே போன் போட்டேன். "ஐயோ, மறந்தே போயிட்டேன் பாப்பா. அதை வுடு, நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். என் தட்டில் போட்ட சோறு அப்படியே ஆறிக் கிடந்தது.