கெலாங் பாத்தாவுக்கு ஒரு பாஷ்கீரியரோடு

காலை ஏழரைக்கு ஜொகூர் பாருவில் வாடகைக் கார் ஏறினேன். கெலாங் பாத்தாவுக்குத் தலைக்கு அறுபது காசு. ஊர் பார்க்கப் போகிற என் பக்கத்தில், ஓட்டுநர் அந்தோணி ஒரு வெள்ளைக்கார முகத்தையும் அவருடைய துணிமூட்டையையும் திணித்தார். எனக்கு எரிச்சல்தான்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. பாவம், மகளைக் கூட்டியாரப் போறாரு. நாளைக்குச் சிங்கப்பூர்ல கப்பலு" என்றார் அந்தோணி.

தம்போய் தாண்டியதும் ரப்பர் மரங்கள். பக்கத்தில் இருந்தவர் பெயர் ஜாகிர். ருஷ்ய நாட்டுப் பாஷ்கீரியர். அங்கே நடந்த உள்நாட்டுச் சண்டைக்குத் தப்பி ஓடிவந்து துணி விற்றுப் பிழைப்பவர். மனைவி இறந்ததும் கைக்குழந்தையை ரப்பர் தோட்டத்து மரியம்மாவிடம் விட்டுவிட்டுச் சயாம் போனவர், ஐந்து வருடம் கழித்து வருகிறார். மகளை ஜப்பானிலுள்ள உறவினரிடம் கொண்டுபோக வேண்டும். எல்லாம் மலாயில் சொன்னார்.

"பிள்ளைக்குத் தமிழ்தான் தெரியுமாம். எப்படிக் கூப்பிடுவது?"

"வா" என்றேன்.

அவர் மொழியில் அது 'கில்'. துருக்கியர் 'கெல்' என்பார்களாம். குதிரையோடு திரிந்த பாட்டன்மார் காலத்து வேர் இரண்டுக்கும் ஒன்றுதான். 'யொகோம் கிலே' என்றால் தூக்கம் வருகிறது. அட, நம்மைப் போலவே! ஆசையும் அவர்களுக்கு வரத்தான் செய்யும்: 'குர்கெம் கிலே', பார்க்க ஆசையாயிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு வழி முழுக்க 'வா, வா' என்று முணுமுணுத்தார்.

ஒன்பது மணிக்குத் தோட்டத்துக் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் கார் நின்றது; மொழிபெயர்க்க நானும் இறங்கினேன். வாசலில் அவருடைய பூனைக்கண்ணோடு ஒரு சிறுமி. அவர் வாய் திறக்குமுன், "வாங்க, உக்காருங்க" என்று பலகையை இழுத்துப் போட்டாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, எனக்கு நீட்டியது போலவே அவருக்கும் நீட்டினாள்.

"அவகிட்ட நான் இன்னும் சொல்லலைங்க" என்றாள் மரியம்மா, கதவோரம் நின்று. கண் கலங்கியிருந்தது.

ஜாகிர் தண்ணீரைக் குடித்தார். பாடம் பண்ணிய 'வா' வெளியே வரவில்லை.

பத்து மணிக்கு அந்தோணி ஹாரன் அடித்தார். "ரெண்டு பேரையும் ஏறச் சொல்லுங்க ஐயா, நேரமாச்சு லா!"

நான் மலாயில் சொன்னேன். ஜாகிர் காரிலிருந்து மூட்டையை இறக்கினார்.

"கப்பல் போகட்டும். விருந்தாளி என்று தண்ணீர் கொடுத்துவிட்டாள். விருந்தாளி அந்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவானா?"

எங்கள் ஊரிலும் யார் வந்தாலும் வாங்க என்றுதான் சொல்கிறோம். அதைக் கேட்டு ஒருவர் இப்படி உடைந்து நான் பார்த்ததில்லை.

நான் ஏறியதும் கார் கிளம்பியது. சிறுமி அவரிடம், "உங்க பேரு என்ன?" என்றாள். புரியாமல் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் யாரென்று கேட்கிறாள்!" என்று மலாயில் கத்தினேன்.

அவர் சொன்ன பதில் என் காதில் விழுவதற்குள் கார் திரும்பிவிட்டது.